கடனட்டைக் கடன்: பேசித் தீர்ப்பதா, வங்குரோத்துக்குப் போவதா?



அரபுக் கல்லூரியில் பல வருடங்களாக இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கிதாபை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். கொடுக்கல் வாங்கல் பாடங்களுக்கு நடுவில் ‘தப்லீஸ்’ என்றொரு பாடம் வரும். கடனில் மூழ்கியவரை வங்குரோத்தானவர் என்று காழி அறிவிப்பது பற்றிய சட்டம் அது. பெயரைக் கேட்டதும் ‘தப்லீக்’ என்று எழுதி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். நானும் அதைப் பழங்காலத்துப் பாடம் என்று நினைத்து வேகமாக ஓதி முடித்துவிடுவதுண்டு. 2023ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு சகோதரி தன் உம்மாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அப்படி ஓத முடிவதில்லை.

அவர் என் மனைவியிடம் பேசத்தான் வந்தார். பேச்சுக்கு நடுவே என்னையும் கூப்பிட்டார்கள். “கோட்டுக்குப் போய் வங்குரோத்து என்டு சொன்னா கடன் எல்லாம் இல்லாமப் போயிடுமாம், மௌலவி. அமெரிக்காவில இருக்கிற நாநா சொல்றார். மார்க்கத்தில அதுக்கு எடம் இருக்கா?” என்று கேட்டார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு வங்கிகள் அனுப்பிய கடிதங்கள். பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அவருடைய சம்மதத்தோடு, ஊரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஏனென்றால் இதே பை இன்னும் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

கணவருக்கு ஒரு சிறிய துணிக்கடை. 2022இல் சாமான் விலை எல்லாம் தலைக்கு மேல் போன காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. கடையில் வியாபாரம் படுத்தது. பால்மாவும் அரிசியும் பிள்ளைகளின் பாடசாலைச் சாமானும் கடனட்டையில் வாங்கப்பட்டன. பிறகு கடைக்குச் சரக்கும் அதிலேயே வாங்கப்பட்டது. ஒரு அட்டையின் தவணையைக் கட்ட மற்ற அட்டையில் காசு எடுத்தார்கள். அப்படி எடுக்கும் காசுக்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த அட்டைகளின் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்ச வரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. வட்டி ஏறிக்கொண்டே போனது. 2023 ஆகஸ்டில் 28 வீதம் என்று மறுபடி வரம்பு வந்தது. 18 வீதம் என்று நம்பி வாங்கிய அட்டையில் அதற்கு மேல் எவ்வளவோ கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

‘ஆகக் குறைந்த தொகை’ என்று கூற்றில் ஒரு வரி இருக்குமே, அதைத்தான் பலரும் கட்டுகிறார்கள். 300,000 ரூபா கடன், 28 வீத வட்டி, மாதாமாதம் மிச்சத்தில் 5 வீதம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் வட்டி மட்டும் 7,000 ரூபா. ஒரு வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் உங்கள் கையிலிருந்து போவது ஏறக்குறைய 158,000 ரூபா. கடனில் குறைவது 86,000 ரூபாதான். மற்ற 72,000 வட்டி. அந்த வருடத்தில் புதிதாக ஒரு சாமானும் அட்டையில் வாங்கவில்லை என்றால்தான் இந்தக் கணக்கும் சரி. வட்டி ஹராம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்டையைக் கையில் எடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நாநா சொன்னது பொய்யல்ல, ஆனால் அது அவர் இருக்கும் நாட்டுக் கதை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டம் இருக்கிறது. அதன் 7ஆம் அத்தியாயத்தின் கீழ் போனால், சட்டம் விட்டுவைக்கும் சில பொருட்கள் தவிர மற்றவற்றை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சக் கடனட்டைக் கடனை நீதிமன்றம் தள்ளிவிடும். 13ஆம் அத்தியாயத்தில் போனால் மூன்று முதல் ஐந்து வருடம் தவணை கட்ட வேண்டும். 7ஆம் அத்தியாயத்தில் போனவரின் கடன் வரலாற்றில் அந்தத் தழும்பு 10 வருடம் இருக்கும். அங்கே இது அன்றாட விஷயம்.

இங்கே அப்படியல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1853ஆம் ஆண்டில் வந்த 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம்தான் தனிமனிதருக்கு நெடுங்காலமாக இருந்து வந்தது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உடைமைகள் நீதிமன்றம் நியமிப்பவர் கைக்குப் போகும். விற்றுப் பங்கிட்ட பிறகு, இவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்துத்தான் விடுதலைப் பத்திரம் கிடைக்கும். ஒளித்தவருக்கும் ஊதாரிக்கும் அது சுலபமாகக் கிடைக்காது. விடுதலை பெறாத வங்குரோத்துக்காரர் பாராளுமன்ற உறுப்பினராகவும் முடியாது என்று அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை சொல்கிறது. நம் சகோதரிக்கு அந்தக் கவலை இல்லை. இந்தப் பழைய சட்டத்தை மாற்றிப் புதிதாக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் நடந்திருக்கின்றன. ஆகவே இந்த வழியை யோசிப்பவர்கள் இன்றைய நிலையை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடனட்டைக் கடனுக்காக இந்நாட்டில் அந்தப் படியேறியவர்கள் மிக அரிது. வங்கிகள்தான் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போகின்றன.

சரி, மார்க்கத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. அதைச் சொன்னபோது அந்தச் சகோதரிக்கு ஆச்சரியம். வங்குரோத்து என்றால் ஈமானுக்கே கேடு என்று நினைத்திருந்தார்.

நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகளுக்கு இழப்பு ஏற்பட்டுப் பெருங்கடனாளியானார். அவருக்கு ஸதகா கொடுக்கும்படி நபியவர்கள் மக்களிடம் சொன்னார்கள். சேர்ந்த ஸதகா கடனுக்குப் போதவில்லை. இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இப்போது எதுவும் இல்லை என்ற கருத்தில் கடன்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ஸஈத் அல்குத்ரி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் உடைமைகளை விற்று நபியவர்கள் கடனைத் தீர்த்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பற்றி ஆலிம்களிடையே பேச்சு இருக்கிறது. ஆனால் பிக்ஹு கிதாபுகள் அதை முன்வைத்தே பேசுகின்றன. முஆத் (ரலி) யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரே கடனில் மூழ்கினார் என்றால், கடனாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் பேசுவது எவ்வளவு அவசரம்!

இன்னொரு விதமான கடனாளியும் உண்டு. ஜுஹைனா கோத்திரத்து உஸைபிஃ என்பவர் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் வாழ்ந்தார். ஹாஜிகள் எல்லோரையும் முந்திக்கொண்டு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நல்ல வாகன ஒட்டகங்களை அதிக விலைக்குக் கடனில் வாங்குவார். முந்திப் போனவர் என்ற பெயர் கிடைத்தது. கடைசியில் கடனும் மிஞ்சியது. உமர் (ரலி) மக்களை நோக்கிப் பேசி, இவரிடம் கடன் வரவேண்டியவர்கள் மறுநாள் காலை வரட்டும், இருப்பதைப் பங்கிடுவோம் என்று அறிவித்தார்கள். கடனைப் பற்றி மக்களை எச்சரிக்கவும் செய்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்தச் சம்பவம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்து அட்டையை நீட்டும் நமக்கு உஸைபிஃ தூரத்துச் சொந்தக்காரர் இல்லை.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் சட்டம் இப்படி. உடனே கொடுக்க வேண்டிய கடன்கள் உடைமையை விட அதிகமாகி, கடன்காரர்கள் கேட்டால் காழி அவருடைய உடைமைகளைத் தடுத்து வைப்பார். கடனாளி தானே போய்க் கேட்டாலும் அப்படிச் செய்யலாம் என்பதே சரியான கூற்று. சொந்தமாக வங்குரோத்துக்கு மனுக்கொடுப்பது இன்று நேற்று வந்த புதினமல்ல. உடைமைகளை விற்று எல்லாக் கடன்காரர்களுக்கும் அவரவர் கடனுக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். நம் மத்ஹபில் குடியிருக்கும் வீடுகூட விற்கப்படும். ஹன்பலி மத்ஹபில் தேவையான வீட்டை விட்டுவைப்பார்கள். தகுந்த ஓர் உடுப்பு அவருக்கு விடப்படும். விற்றுப் பங்கிடும் வரை மனைவி மக்களின் செலவும் அதிலிருந்து கொடுக்கப்படும். கையில் ஒன்றும் இல்லை என்று உறுதியானால் அவரைச் சிறைவைக்கவோ துரத்தித் திரியவோ கூடாது. வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்குர்ஆன் சூரத்துல் பகராவின் 280ஆம் வசனத்தில் சொல்கிறது. மிச்சக் கடனுக்காக அவரைக் கட்டாயப்படுத்தி உழைக்கவைக்கவும் முடியாது. பாவமான வழியில் பட்ட கடனென்றால் மட்டும் பின்வந்த விளக்கவுரைகாரர்கள் வேறு சட்டம் சொன்னார்கள்.

ஆனால், சகோதரிகளே, இங்கேதான் அமெரிக்க நாநாவின் சட்டமும் நம் சட்டமும் பிரிகின்றன. பங்கிட்டது போக மிஞ்சிய கடன் அழிவதில்லை. அது அவருடைய பொறுப்பில் கிடக்கும். வசதி வரும் நாளில் கொடுக்க வேண்டும், அல்லது கடன் கொடுத்தவர் தாமாக விட்டுக்கொடுக்க வேண்டும். நீதிபதியின் கையெழுத்தினால் தொந்தரவுதான் நிற்கும். அந்தச் சகோதரி இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப கோட்டுக்குப் போறதும் போகாததும் ஒன்டுதானே” என்றார். ஒன்றல்ல. ஆனால் தப்பியோட ஒரு கதவு இருக்கிறது என்ற நினைப்பு அவரிடமிருந்து அன்று போனது.

பேசித் தீர்ப்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. கஃப் இப்னு மாலிக் (ரலி) பள்ளிவாசலுக்குள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தம் கடனைக் கேட்டார்கள். இருவர் சத்தமும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபியவர்கள் திரையை நீக்கி வெளியே வந்து, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கஃபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் சம்மதித்தார். உடனே மற்றவரிடம், எழுந்து போய் மிச்சத்தைக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ். குறைத்ததையும், குறைத்த பிறகு தாமதிக்க விடாததையும் சேர்த்துப் பாருங்கள். தவணை வந்துவிட்ட கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது அனுமதிக்கப்பட்ட சமாதானம். தவணை வராத கடனை, சீக்கிரம் தந்தால் குறைக்கிறேன் என்று நிபந்தனையாகப் பேசுவதில்தான் இமாம்களுக்கு ஆட்சேபணை உண்டு.

எந்த வழி என்பதைக் கணக்கு எழுதாமல் என்னாலும் சொல்ல முடியாது, நீதிபதியாலும் சொல்ல முடியாது. அன்று ஒரு கொப்பியை எடுத்து எழுத வைத்தேன். அவர் இரண்டு அட்டைகளைச் சொன்னார். ஒன்றில் 640,000, மற்றதில் 310,000. அவ்வளவுதானா என்று கேட்டேன். கடைக்குத் துணி தந்த மொத்த வியாபாரிக்கு 400,000. சீட்டுக் காசு 90,000. “வேற?” என்றாள் என் மனைவி. நெடுநேரத்துக்குப் பிறகு, கணவரின் சாச்சி கொடுத்த 250,000 என்று சொன்னார். சாச்சி விதவை. ஹஜ்ஜுக்கென்று சேர்த்த காசு. அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் கணக்கிலும் வரவில்லை.

கடன் இப்படித்தான் தீர்க்கப்படுகிறது என்பதை அந்தக் கொப்பியில் கண்டேன். தினமும் மூன்று தரம் தொலைபேசி எடுக்கும் வங்கிக்கு முதலில் காசு போகிறது. வெட்கத்தால் வாய் திறக்காத சாச்சிக்குக் கடைசியில்கூட இல்லை. இருப்பதையெல்லாம் கொண்டுபோய் வங்கியோடு பேசி முடிக்கத்தான் கணவர் நினைத்திருந்தார். காழியின் தடையுத்தரவு வரும்வரை யாருக்கு முதலில் கொடுப்பது என்பது கடனாளியின் விருப்பம்தான். ஆனால் எல்லோருக்கும் போதாது என்று தெரிந்துகொண்டே ஒருவருக்கு எல்லாவற்றையும் கொடுப்பது நியாயமா என்று கேட்டேன். அடுத்த நாள் கணவரும் வந்தார்.

மொத்தக் கடன் 1,690,000. பழைய கூற்றுக்களைப் பிரித்துக் கூட்டிப் பார்த்ததில், இரண்டு அட்டைகளிலும் உண்மையில் செலவழித்தது 560,000தான். மற்ற 390,000 வட்டியும் தாமதக் கட்டணமும். அதை நீக்கினால் 1,300,000. மோட்டார் சைக்கிளை விற்றால் 350,000, தேங்கிய துணியைத் தள்ளினால் 200,000, கையிலிருப்பு 60,000. ஆக 610,000. கடைச்சரக்கு முழுவதையும் விற்றால் இன்னும் கிடைக்கும், ஆனால் பிறகு கடை இல்லை. கடை இருந்தால் வீட்டுச் செலவு போக மாதம் 35,000 மிஞ்சும். மிச்சம் 690,000ஐ 20 மாதத்தில் கட்டிவிடலாம். வங்கிகள் வட்டியை விட்டால் இது பேசித் தீர்க்கக் கூடிய கடன். விடாவிட்டால், வட்டி ஓட ஓட, இவர் வங்குரோத்தானவர்தான், அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும்.

கணவர் அப்போது மனைவியின் நகைகளைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச்செடுத்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாப்பா உங்கள் பெயரில் எழுதித் தந்த வீடும், மஹரும், உங்கள் உம்மா போட்ட நகையும் உங்களுடையவை. கணவரின் கடனுக்கு அவை பொறுப்பல்ல. நீங்கள் பிணையாளியாகக் கையெழுத்து வைத்திருந்தால் மட்டும் கடன்காரர் உங்களிடமும் கேட்கலாம். ஆகவே வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். விரும்பிக் கொடுத்தால் அது உங்கள் நன்மை. ஆனால் ஸதகாவா கடனா என்று எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அடகு வைத்துக் கட்டுவது ஒரு வட்டியை விட்டு இன்னொரு வட்டிக்குள் போவதே. கணவர் மௌத்தானால் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து, வாரிசுப் பங்கீட்டுக்கு முன்னர் கொடுக்கப்படும். சொத்துக்கு மேற்பட்டதை உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய கடமை இல்லை.

வங்கியோடு பேசப் போகிறவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள். கடிதமாக எழுதிக் கொடுங்கள், பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வருமானம், மற்றக் கடன்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். முதலில் வட்டி ஓடுவதை நிறுத்தக் கேளுங்கள், பிறகு தாமதக் கட்டணத்தைத் தள்ளக் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் சலுகையை நம்பி ஒரு சதமும் கட்டாதீர்கள், அது கடிதத்தில் வரட்டும். கட்டி முடிந்ததும் கணக்கு முடிந்ததாக ஒரு கடிதம் வாங்குங்கள். கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையைக் கேட்டுப் பெறலாம், அதில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளையில் தீராவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது ஹதீஸின் கருத்து. ஆகவே இல்லாதவரைப் போல நடித்துக் குறைத்துக்கொள்வது சமாதானமல்ல, களவு.

முடிவு எல்லாம் நினைத்தபடி ஆகவில்லை. ஒரு வங்கி 640,000ஐ 450,000ஆகக் குறைத்து, வட்டியில்லாத தவணை தந்தது. மற்ற வங்கி ஒரு சதமும் குறைக்க மறுத்து, சட்டத்தரணியின் கடிதம் அனுப்பியது. மூன்று தரம் போய்வந்த பிறகு வட்டியை நிறுத்தித் தவணையாக்கச் சம்மதித்தார்கள். அதனால் 20 மாதம் என்ற கணக்கு இன்னும் நீண்டது. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. கணவர் கடைக்கு பஸ்ஸில் போகிறார். சகோதரி யாரும் கேட்காமலே இரண்டு வளையல்களைக் கொடுத்தார், கணவருக்குக் கடனாக, எழுதி, என் மனைவியும் உம்மாவும் சாட்சி.

610,000ஐ எல்லோருக்கும் பங்கிட்டபோது, 1,300,000 என்ற கணக்கில் நூற்றுக்கு 47 வீதம் வந்தது. சாச்சியின் பங்கு ஏறக்குறைய 117,000. கணவர் அதை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோனார். சாச்சி எண்ணிப் பார்க்கவில்லையாம். மிச்சம் எப்போது என்றும் கேட்கவில்லை. இவர்தான் கொப்பியை விரித்து, மாதாமாதம் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார். போன ரமழானுக்கு முன்பு அந்தக் கொப்பியைப் பார்த்தேன். சீட்டுக் காசும் சாச்சியின் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. மொத்த வியாபாரிக்கு மூன்று மாதம் மிச்சம். இரண்டாவது வங்கியின் வரிசை இன்னும் நீளமாக இருந்தது.